துப்பாக்கிக் குண்டின் வரலாறு: கடலூர் – சிதம்பரம் வட்டாரம்

கடலூர் நகரில் குண்டுசாலை என்று ஒரு சாலை உண்டு. நகரை ஒட்டிக் குண்டு உப்பலவாடி என்று ஓர் ஊராட்சியும் உண்டு. இப்பெயர்களில் உள்ள 'குண்டு' உருவத்தைக் குறிப்பதாகப் புதியவர்கள் நினைத்துக்கொள்வது இயல்பு. உள்ளூர் மரபு அப்படிச் சொல்வதில்லை. இது பீரங்கியின் வாயிலிருந்து புறப்பட்டுத் தரையில் விழுந்த இரும்புக் குண்டு. அது விழுந்த இடம்வரை உள்ள ஊர்கள் ஆங்கிலேயருக்கு என்று 1690ஆம் ஆண்டில் தீர்மானிக்கப்பட்டது. அந்த ஊர்கள் பின்னாளில் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன.

துப்பாக்கியின் வரலாற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் இடப்படும் குண்டு அவ்வளவாகக் கவனிக்கப்பட்டதில்லை. ஆனால் துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு அதிகாரம் தருவது குண்டுதான். குண்டில்லாத துப்பாக்கி ஓர் இரும்புக் குழாய். எனவே குண்டை யார் வார்ப்பது, யார் வைத்திருப்பது, யார் எதற்காகச் சுடுவது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலத்தின் அரசும் ஒரு விடை வைத்திருந்தது. கெடிலம் ஆற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பகுதிக்குள்ளேயே அந்த விடைகளில் பெரும்பாலானவற்றைக் காணமுடிகிறது.

சொற்கள்

வெடிக்கருவிகள் தொடர்பான தமிழ்ச் சொற்கள் பல திசைகளிலிருந்து வந்தவை. துப்பாக்கி துருக்கிய மொழியின் 'துஃபெக்' என்னும் சொல்லோடு உறவுடையது. பீரங்கி என்பது 'ஃபிரங்கி', அதாவது ஐரோப்பியன். கருவிக்கு அதைக் கொண்டுவந்தவனின் பெயரே நின்றுவிட்டது. தோட்டா வட இந்திய மொழிகள் வழியாக வந்தது. குண்டு, மருந்து, திரி ஆகியவை நம் சொற்கள். பறவை வேட்டைக்கான சிறுகுண்டுகளை ரவை என்பது அதன் மணி மணியான தோற்றத்தால். ஈழத் தமிழில் துப்பாக்கிக் குண்டைச் சன்னம் என்பர். ஈயத்தைத் தமிழர் நெடுங்காலமாக இரண்டாகப் பிரித்தே வழங்கினர்: குண்டுக்குரியது காரீயம், பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம்.

காரீயம் இக்கடற்கரைக்குத் துப்பாக்கியோடு வந்ததன்று. கப்பல் உருவம் பொறித்த பழைய ஈயக் காசுகள் சென்னைக்கும் கடலூருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் கிடைத்துள்ளன. அவற்றைச் சாதவாகனர் காலத்தவை எனக் காசியல் அறிஞர்கள் கருதுகின்றனர். காசாக இருந்த உலோகம் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு குண்டாயிற்று. ஐரோப்பியக் கம்பெனிகள் இந்தியாவுக்குக் கொண்டுவந்து விற்ற சரக்குகளில் ஈயமும் ஒன்று.

குண்டு விழுந்த எல்லை

1690இல் செஞ்சிக் கோட்டையில் இருந்தவர் சிவாஜியின் இளைய மகன் இராஜாராம். முகலாயப் படையின் நெருக்கடியில் இருந்த அவருக்குப் பணம் தேவைப்பட்டது. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் இருந்த சிறு கோட்டை விலைக்கு வந்தது. சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேல் அதை வாங்கினார். வேல்ஸ் நாட்டோடு தொடர்புடைய அவர், அந்நாட்டின் காவல் புனிதரின் பெயரால் கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயரிட்டார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பதும் இவரது பெயரே.

ஒப்பந்தத்தில் கோட்டை மட்டும் இல்லை. கோட்டையிலிருந்து ஒரு பீரங்கி சுட்டால் குண்டு எட்டும் தொலைவுவரை சுற்றிலும் உள்ள நிலமும் சேர்ந்தது. நிலத்தைக் கோலால் அளந்து பழகிய நாட்டில் இது ஒரு வினோதமான அளவை. ஆங்கிலேயர் அதன் பொருளை நன்றாகவே புரிந்துகொண்டிருந்தனர். சென்னையிலிருந்து தங்களிடமிருந்த சிறந்த பித்தளைப் பீரங்கியையும் அதைக் கையாளத் தெரிந்த பீரங்கிக்காரரையும் அனுப்பினர். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பது சுடுபவனின் கைத்திறனில் இருக்கிறது என்ற கருத்தை எழுத்திலும் தெரிவித்தனர். பல திசைகளிலும் பீரங்கி சுடப்பட்டது. கடலூர்ப் பட்டினம் உட்படக் குண்டு எட்டிய ஊர்கள் அனைத்தும் கம்பெனியின் வசமாயின.

இதில் ஏமாற்று இருந்ததா என்று கேட்கலாம். எந்தப் பீரங்கி, எவ்வளவு மருந்து, குழாயை எவ்வளவு உயர்த்துவது என்பவற்றை வாங்குபவரிடம் விட்டுவிட்ட ஒப்பந்தம் அது. விற்றவருக்குப் பணம் அவசரம். வாங்கியவருக்குத் தொலைவு அவசரம். நடுவில் இருந்த ஊர்களின் மக்களை யாரும் கேட்கவில்லை என்பதே என் கண்ணில் முதலில் படுகிறது. உழுதுகொண்டிருந்த ஒருவர் தலைக்குமேல் பறந்த ஒரு குண்டினால் வேறோர் ஆட்சியின் குடியானார்.

ஈயமும் அச்சும்

பீரங்கிக் குண்டு வார்ப்பிரும்பு. கைத்துப்பாக்கிக்கும் நீள்துப்பாக்கிக்கும் உரியது ஈயம். இந்த வேறுபாடு வெறும் உலோக வேறுபாடன்று. வார்ப்பிரும்பை உருக்க 1,100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பமும் ஊதுலையும் வேண்டும்; அது பட்டறை வேலை. ஈயம் 327 பாகையிலேயே உருகிவிடும். அதற்கு ஒரு விறகடுப்பும் இரும்புக் கரண்டியும் போதும். ஆகவே பீரங்கிக் குண்டு அரசின் பொருளாகவும், ஈயக் குண்டு எவரும் தம் வீட்டு முற்றத்தில் செய்யக்கூடிய பொருளாகவும் இருந்தன.

வார்க்கும் முறை எளியது. பாக்குவெட்டியைப் போலத் திறந்து மூடும் இரண்டு பகுதிகள் கொண்ட அச்சின் நடுவே உருண்டையான குழி இருக்கும். மேலே உள்ள துளை வழியாக உருகிய ஈயத்தை ஊற்றி, அது இறுகியதும் அச்சைத் திறந்து குண்டைத் தட்டி எடுப்பார்கள். ஊற்றிய வழியில் நிற்கும் வாலை வெட்டிவிட்டால் குண்டு தயார். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேல் சுருக்கம் விழும். உள்ளே ஈரம் இருந்தால் ஈயம் வெடித்துத் தெறிக்கும். வார்த்தவர்களில் தழும்பில்லாத கைகள் குறைவாகவே இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத தீங்கும் ஒன்று இருந்தது. ஈயம் நச்சு உலோகம். அதன் தூசும் புகையும் உடலில் சேர்ந்து நரம்பையும் இரத்தத்தையும் கெடுக்கும்.

துப்பாக்கிக் குழாயின் அளவைச் சொல்லும் பழைய முறையே இந்த வார்ப்பிலிருந்து பிறந்தது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றில் ஒன்று எந்தக் குழாய்க்குச் சரியாகப் பொருந்துமோ அது '12 போர்'. கணக்கிட்டுப் பார்த்தால் குழாயின் விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர் வரும். எண் பெருகப் பெருகக் குழாய் சிறுக்கும். 16 போர் 12 போரைவிடச் சிறியது. இன்றும் நம் ஊரில் உரிமம் பெற்ற வேட்டைத் துப்பாக்கியைப் பன்னிரண்டு போர் என்று சொல்பவர்கள், அறிந்தோ அறியாமலோ, ஒரு பவுண்டு ஈயத்தைப் பங்குபோடும் கணக்கைச் சொல்கிறார்கள்.

18ஆம் நூற்றாண்டில் கம்பெனிச் சிப்பாய் ஏந்திய 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழாய் விட்டம் சுமார் 19 மில்லிமீட்டர். அதில் இட்ட குண்டு 17.5 மில்லிமீட்டர், எடை 31 கிராம் அளவு. குண்டைச் சிறிதாகச் செய்தது வேண்டுமென்றே. சில முறை சுட்டதும் கரிமருந்தின் கசடு குழாயில் படியும். இறுக்கமான குண்டு அப்போது உள்ளே இறங்காது. தளர்வான குண்டு சட்டென இறங்கும், ஆனால் வெளியேறும்போது குழாய்ச் சுவரில் முட்டி முட்டிச் செல்வதால் எங்கே போகும் என்று சொல்லமுடியாது. நூறு கஜத்துக்கு அப்பால் ஒரு மனிதனைக் குறிவைப்பது வீண். சிப்பாய்களை நெருக்கமாக வரிசையில் நிறுத்தி ஒரே நேரத்தில் சுடச்செய்ததற்குக் காரணம் இதுவே. இந்த ஒழுங்கைக் கம்பெனிப் படைக்குப் பழக்கிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1748இல் வந்து இறங்கிய இடம் செயின்ட் டேவிட் கோட்டைதான்.

கிளைவின் கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கி அக்காலத்தில் அதிகாரிகளின் ஆயுதம். கைத்துப்பாக்கிகளின் துளை ஒன்றுக்கொன்று மாறுபட்டதால் துப்பாக்கியோடு அதற்குரிய அச்சையும் சேர்த்தே வைத்திருந்தனர். அச்சு தொலைந்தால் துப்பாக்கி பயனற்றுப் போகும்.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது, இருபத்தொரு வயது நிரம்பிய எழுத்தர் ஒருவர் மாறுவேடத்தில் தப்பித் தேவனாம்பட்டினம் வந்து சேர்ந்தார். அவர் இராபர்ட் கிளைவ். அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறுகளில் கைத்துப்பாக்கிக் கதைகள் இரண்டு திரும்பத் திரும்ப வரும். முதலாவது சென்னையில் நடந்ததாகச் சொல்லப்படுவது: மனச்சோர்வில் அவர் தம் தலையில் வைத்துச் சுட்டபோது இரண்டு முறையும் துப்பாக்கி வெடிக்கவில்லை. இரண்டாவது செயின்ட் டேவிட் கோட்டையில் நடந்தது: சீட்டாட்டத்தில் ஏமாற்றியதாக ஓர் அதிகாரியை அவர் குற்றஞ்சாட்ட, இருவரும் கைத்துப்பாக்கியோடு மோதினர். கிளைவின் குண்டு தவறியது. எதிரி அருகில் வந்து அவர் தலையில் துப்பாக்கியை வைத்துக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெறச் சொன்னார், கிளைவ் மறுத்தார், எதிரி சுடாமல் போய்விட்டார். ஆங்கிலக் கவிஞர் இராபர்ட் பிரௌனிங் 1880இல் இதை ஒரு கவிதையாகவே எழுதினார்.

வீரனின் இளமையை அழகுபடுத்தும் கதைகள் இவை என்பதை மறக்கவேண்டாம். ஆனால் கருவியைப் பொறுத்தவரை இரண்டும் நம்பத்தக்கவை. சிக்கிமுக்கிக் கல் தட்டிப் பொறி பறந்து, கிண்ணத்து மருந்து பற்றி, அந்த நெருப்பு சிறு துளை வழியாக உள்ளே போனால்தான் குண்டு கிளம்பும். இக்கடற்கரையின் ஈரக்காற்றில் இந்தச் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணி அறுவது சாதாரணம். உருண்டைக் குண்டும் வழவழப்பான குழாயும் இருக்கையில் சில கஜ தூரத்தில் குறி தவறுவதும் அப்படித்தான்.

கோட்டையான கோயில்

1749 முதல் சிதம்பரம் வட்டாரம் போர்க்களமாயிற்று. கொள்ளிட முகத்துவாரத்தில் இருந்த தேவிகோட்டையை அவ்வாண்டு லாரன்சின் படை கைப்பற்றியது. கிளைவ் அதில் முன்னணியில் நின்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் படைகளுக்கெல்லாம் ஒரே கட்டடம் கண்ணில் பட்டது. சுமார் 40 ஏக்கரில், உயர்ந்த மதில்களோடும் நான்கு கோபுரங்களோடும் நின்ற நடராசர் கோயில் அது. சமவெளியில் கல்மதிலுக்கு இணையான அரண் வேறில்லை. பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், மைசூரார் என மாறி மாறி அதைப் படைத்தளமாக்கினர்.

செயின்ட் டேவிட் கோட்டைக்கு முடிவு 1758 ஜூனில் வந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார். கெடிலக் கரையில் இன்று காணும் சிதைவுகளுக்கு அதுவே தொடக்கம். ஈராண்டில் இடம் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தாலும் கோட்டை பழைய நிலையை அடையவில்லை.

1781 ஜூன் 18 அன்று, ஹைதர் அலியின் படை காத்துநின்ற சிதம்பரம் கோயிலை ஆங்கிலத் தளபதி அயர் கூட் தாக்கினார். பீரங்கிகளால் வாயிலை உடைத்து உள்ளே புகும் முயற்சி தோற்றது, இழப்போடு பின்வாங்கினார். இரு வாரம் கழித்து ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டைக்கருகே நடந்த போரில் அவரே ஹைதரை வென்றார். பள்ளிப் பாடநூல்களில் பரங்கிப்பேட்டை வெற்றி இடம்பெறும். சிதம்பரம் தோல்வி பெரும்பாலும் இடம்பெறாது. கோயிலின் பக்கம் நின்று பார்த்தால் அது வெற்றியுமன்று தோல்வியுமன்று. வழிபாடு நடக்கவேண்டிய பிரகாரத்தில் மருந்தும் குண்டும் அடுக்கப்பட்டிருந்தன என்பது மட்டுமே.

1783 ஜூனில் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புசியை ஆங்கிலப் படை முற்றுகையிட்டது. 13ஆம் நாள் தாக்குதலில் ஆங்கிலத் தரப்பில் மட்டும் ஆயிரம் பேர் அளவில் இறந்தும் காயமுற்றும் போயினர். 20ஆம் நாள் கடலில் சஃப்ரேனும் ஹியூசும் மோதினர். இரு நாடுகளுக்கும் இடையே சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்பாடு ஐரோப்பாவில் அந்த ஆண்டு சனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலில் வந்துசேர்வதற்குள் இத்தனையும் நடந்து முடிந்தன.

ஆயுதம் களைதல்

போர்கள் ஓய்ந்ததும் அரசின் கவலை மாறியது. பாளையக்காரர் எழுச்சியை அடக்கிய பின், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஆயுதங்களைத் தடைசெய்யும் அறிவிப்பை வெளியிட்டார். இவர் இராபர்ட் கிளைவின் மகன். தந்தை துப்பாக்கியால் பெயர்பெற்ற நாட்டில் மகன் துப்பாக்கிகளைப் பறித்தார்.

குண்டின் வடிவமும் இக்காலத்தில் மாறியது. 1849 அளவில் பிரெஞ்சு அதிகாரி மினியே உருவாக்கிய குண்டு உருண்டையன்று. கூரிய முனையும் உட்குழிந்த அடியும் கொண்டது. தளர்வாக உள்ளே இறங்கும். வெடித்தவுடன் மென்மையான ஈயத்தின் அடிப்பகுதி விரிந்து குழாயின் சுருள்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்று வெளிவரும். விரைவாக நிரப்புவதும் நேராகச் சுடுவதும் அதுவரை ஒன்றாகக் கிடைத்ததில்லை. இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாவே 1857இல் வட இந்தியச் சிப்பாய்களின் கோபத்துக்கு உடனடிக் காரணமாயிற்று.

1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு. குடகு மக்களுக்குக் கொடுத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. தேசிய இயக்கத்தினர் இச்சட்டத்தை அவமானமாகவே கருதினர். 1931இல் காங்கிரசின் கராச்சித் தீர்மானம், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் அது இடம்பெறவில்லை. அதற்குப் பதில் வந்தது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். நிறவேறுபாடு போயிற்று, உரிமம் நின்றது.

இச்சட்டத்தில் நம் பொருளுக்கு முக்கியமானது, வெடிபொருள் என்பதற்கு அது தரும் விரிந்த வரையறை. தோட்டாவின் பகுதிகளும் அவற்றைச் செய்யும் கருவிகளும் அதற்குள் அடங்கும். உரிமமின்றிச் செய்தால் சிறை. 2019 திருத்தத்துக்குப் பின் குறைந்தது ஏழாண்டு. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே வீட்டுக் கொட்டகையில் தம் கைத்துப்பாக்கிக்குத் தாமே ஈயக் குண்டு வார்த்துக்கொள்வது பல்லாயிரம் பேரின் பொழுதுபோக்கு. ஐடஹோ மாநிலத்து மாட்டுப்பண்ணைக்காரரான எல்மர் கீத் அவ்வாறு தாமே வடிவமைத்த குண்டுகளைச் சோதித்துப் பார்த்ததன் தொடர்ச்சியாகவே 1955இல் '.44 மேக்னம்' என்ற தோட்டா சந்தைக்கு வந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முற்றங்களிலும் இருந்திருக்கக்கூடிய அச்சும் கரண்டியும் அங்கே இன்னும் கடையில் விற்கின்றன. எந்த ஏற்பாடு நல்லது என்பதில் எனக்குத் தயக்கமில்லை; நாட்டுத் துப்பாக்கிகளால் நடந்த கொலைகளைச் செய்தித்தாளில் படிக்கும் எவருக்கும் இருக்காது. ஆனால் சட்டத்தின் சுமை எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. வாய்வழி மருந்திட்டு ரவை நிரப்பும் துப்பாக்கியோடு வாழ்ந்த நரிக்குறவர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைத் தொழிலை இழந்து பாசிமணி விற்பனைக்குத் திரும்பினர். பயிர்காவலுக்கு அத்தகைய துப்பாக்கி வைத்துக்கொள்ள உழவருக்கு உரிமம் தரும் பிரிவு மட்டும் 1959 சட்டத்தில் இருக்கிறது.

குண்டு அரசிடம் மட்டும் இருக்கும்போது என்ன ஆகும் என்பதற்கும் சிதம்பரத்தில் சான்று உண்டு. 1965 சனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்து அணிவகுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள்மீது காவல்துறை சுட்டதில் இராசேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவருக்குச் சிலை இருக்கிறது.

விளையாட்டு

குறி சுடுதல் இந்தியாவில் அமைப்பு வடிவம் பெற்றது 1951இல், மக்களவையின் முதல் தலைவரான ஜி.வி. மாவ்லங்கர் முன்னின்று தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தால். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஆகிய நகரங்களின் ரைபிள் கிளப்புகள் இதை வளர்த்தன. கல்லூரி மாணவர் பலருக்கு முதல் துப்பாக்கி அனுபவம் தேசிய மாணவர் படையின் .22 ரைபிள்தான். 2021, 2022 ஆண்டுகளில் நடிகர் அஜித்குமார் மாநிலப் போட்டிகளில் கைத்துப்பாக்கிப் பிரிவுகளில் கலந்துகொண்ட பிறகு பொதுமக்களின் கவனமும் இப்பக்கம் திரும்பியது.

போட்டிக் கைத்துப்பாக்கியில் முக்கியமானவை இரண்டு: 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியும், 5.6 மில்லிமீட்டர் தோட்டாவிடும் 25 மீட்டர் துப்பாக்கியும். காற்றுக் கைத்துப்பாக்கிக்கான இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், காற்று ரைபிளுக்கு வெறும் அரை மில்லிமீட்டர். உலகப் போட்டி விதிகள் குண்டு ஈயத்தாலோ அதைப்போன்ற மென்மையான பொருளாலோ ஆனதாக இருக்கவேண்டும் என்கின்றன. மேலே செம்பு உறை போர்த்த குண்டுக்கு இடமில்லை. பிரவுன் பெஸ்ஸின் 31 கிராம் குண்டு, காற்றுத் துப்பாக்கியில் இடுப்பு ஒடுங்கிய அரை கிராம் ஈயத் துணுக்காகச் சுருங்கியிருக்கிறது. உலோகம் அதேதான். அதனால் சுடுதளத்தில் கையைக் கழுவாமல் உண்ணக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதேதான்.

இத்துணுக்கால் உலக அளவில் பெயர்பெற்ற இளவேனில் வாலறிவன் 1999இல் கடலூரில் பிறந்தவர். 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்று ரைபிள் தங்கம் வென்றார். டோக்கியோ, பாரிசு ஒலிம்பிக் போட்டிகள் இரண்டிலும் பங்கேற்றார். பாரிசில் தகுதிச்சுற்றில் பத்தாமிடம் பெற்று, எட்டுப் பேருக்கான இறுதிச்சுற்றை நூலிழையில் தவறவிட்டார். நம் நாளிதழ்கள் அவரைக் கடலூர்ப் பெண் என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் அவர் சிறுவயதிலேயே பெற்றோருடன் குஜராத்துக்குச் சென்றவர்; துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றதும் பயின்றதும் அகமதாபாத்தில்.